சைலன்சரை மறிக்கும் பொலிஸ், டவுன்பைப்பைக் காணாத சட்டம்

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவின் வீதிகள் கொழும்புக்குச் சொந்தமாகிவிடும். குளிர் காண வரும் குடும்பங்கள், கிரகரி வாவியைச் சுற்றி நெரிசல், ஹோட்டல்களில் இடமில்லை. 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டப் போட்டியும் இந்தப் பருவத்தின் அடையாளங்களில் ஒன்று. போட்டிக்கு வருபவர்களோடு, போட்டியில் ஓடாத ஆனால் போட்டிக் கார் போலவே ஒலிக்கிற கார்களும் மலையேறி வருகின்றன. இரவு பதினொரு மணிக்கு மேல் அவற்றில் சில இராகலை வீதியில் கந்தப்பளையைக் கடந்து போகும். முதலில் ஓர் உறுமல். வளைவுக்கு முன்னால் காலை எடுத்தவுடன் பட்டாசு மாதிரி நாலைந்து வெடி. வீதியோரத்து லயங்களில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு இந்தச் சத்தம் நன்றாகவே பழக்கம்.

மறுநாள் காலை தேநீர்க்கடையில் பேச்சு அடிபடும். "அவங்கள எவன் மறிச்சான்? எங்க பயலுக ஓட்டோவத்தான் மறிப்பாங்க" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் சிரிப்பார்கள். இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, ஆதங்கம் எவ்வளவு என்று பார்க்கப்போய்த்தான் நான் டவுன்பைப் என்ற குழாயிடம் வந்து சேர்ந்தேன்.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டம் தொடங்கியதும் பொலிஸார் வீதியில் இறங்கியது நினைவிருக்கும். பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியிருந்த விளக்குகள், அலங்காரங்கள், ஹோர்ன்கள், சத்தம் கூட்டிய சைலன்சர்கள் எல்லாம் கழற்றப்பட்டன. பஸ் உரிமையாளர்களும் ஓட்டோ சங்கங்களும் எதிர்த்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு மூன்று மாத அவகாசம் கிடைத்தது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் அதிக சத்தமிடும் வாகனங்கள் மீதும், அனுமதியற்ற விளக்குகள் மீதும் மறுபடியும் கவனம் திரும்பியது. இந்த நடவடிக்கைகளை நான் எதிர்க்கவில்லை. எதிரே வரும் பஸ்ஸின் நீல வெளிச்சத்தில் கண் கூசிப்போய் பள்ளத்தின் விளிம்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய எவரும் எதிர்க்கமாட்டார்கள். ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாமே கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் மட்டுமே தேடுகின்றன. மூக்குக்குக்கூட எட்டாத ஒரு மாற்றம், அதைவிடப் பெரிய மாற்றம், பொனெட்டுக்கு அடியில் வெப்பத் தகட்டின் பின்னால் மறைந்திருக்கிறது.

டர்போ பூட்டிய எஞ்சினில் புகை வெளியேறும் விசையே ஒரு சிறு சுழலியைச் சுற்றுகிறது. அந்தச் சுழலி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிறது. சுழலியைத் தாண்டி வெளியே வரும் புகையை காரின் அடிப்பகுதிக்கு இறக்கிக் கொண்டுபோகும் முதல் குழாய்தான் டவுன்பைப். பின்னால் இருக்கும் சைலன்சர் சத்தத்துக்கானது. டவுன்பைப்பின் கதை வேறு. இன்றைய பெரும்பாலான டர்போ கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் 'கட்டலிட்டிக் கொன்வேட்டர்' இந்தக் குழாயிலேயே, டர்போவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதாவது கம்பனி டவுன்பைப்பைக் கழற்றி வெறும் குழாய் ஒன்றைப் பூட்டுகிறவர், காரின் நுரையீரல் வடிகட்டியைக் கழற்றி வைக்கிறார். வெளியே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. பின்னால் கம்பனி சைலன்சரே இருந்தால் சத்தமும் பெரிதாக மாறாது.

இலங்கையில் இவ்வளவு டர்போ கார்கள் எப்படி வந்தன என்பதும் ஒரு கதை. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஒரு காலத்தில் சுபாரு இம்பிரேசா, மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பணக்காரச் சமாசாரம். இறக்குமதி வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கப்பட்டதால், 1,000 சீசீக்குள் இருக்கும் சிறிய எஞ்சின்களுக்கு மவுசு கூடியது. 2017 அளவில் 1.0 லீற்றர் டர்போ எஞ்சினோடு ஹொண்டா சிவிக் வந்தபோது அது நம் வீதிகளில் குவிந்ததற்கு இதுவே பிரதான காரணம். சிறிய எஞ்சினுக்கான வரி, ஏறத்தாழ 130 குதிரைவலு. ஐரோப்பிய கம்பனிகளின் ஒரு லீற்றர் டர்போக்களும் அதே வழியில் வந்தன. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடங்களில் புதிய கார் வாங்க முடியாதவர்கள் இருந்த காரையே மெருகேற்றத் தொடங்கினார்கள். 'ஸ்டேஜ் வன்', 'ஸ்டேஜ் டூ' என்ற சொற்கள் மலையகத்து கராஜ்களுக்கும் வந்து சேர்ந்தன. முதலாவது, எஞ்சின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றுவது. இரண்டாவதில் வழமையாக டவுன்பைப்பும் சேரும்.

நுவரெலியாவில் ஒரு கராஜில் வேலை செய்யும் தம்பி ஒருவனைச் சந்தித்தேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, அம்மா இன்னமும் கொழுந்து எடுக்கிறார். சாதாரண தரத்துக்குப் பிறகு ஒரு பாஸிடம் வேலை பழகியவன். நான் கட்டுரைக்காகக் கேட்கிறேன் என்றதும் கொஞ்சம் தயங்கிவிட்டு, பிறகு நிறுத்தாமல் பேசினான். "அக்கா, ஆளுங்க வந்து ஒரே கேள்விதான் கேப்பாங்க. எந்த பைப் போட்டா கூட இழுக்கும்? கன்வேட்டர் இருக்கிறதா இல்லாததான்னு நான் கேட்டா, இல்லாதது எவ்வளவு சீப்புன்னுதான் திரும்பக் கேப்பாங்க."

தெரிவின் சாரம் இதுதான். குழாயின் உலோகம், விட்டம், இணைப்பு எல்லாம் பிறகு வருகிற விடயங்கள். விட்டத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இரண்டு லீற்றர் எஞ்சினுக்கு மூன்று அங்குலக் குழாய் பொருத்தமானது என்பதற்காக ஒரு லீற்றர் சிவிக்கிலும் அதையே திணிப்பதில் விளம்பரத்தைத் தவிர ஒன்றுமில்லை. உலோகத்தில், எங்கள் மழைக்கும் மூடுபனிக்கும் சாதாரண இரும்பு நிற்காது. 304 தரத்து துருப்பிடிக்காத எஃகு நிற்கும். எஞ்சின் ஆடும்போது குழாய் வெடிக்காமல் இருக்க நடுவில் நெளியும் இணைப்பு வேண்டும், ஒக்சிஜன் சென்சர்கள் இரண்டுக்கும் கம்பனிக் குழாயில் இருந்த அதே இடத்தில் துளை வேண்டும். வெப்பத் தகட்டைத் திரும்பப் பூட்டாமல் விட்டால் அருகிலுள்ள வயர்களும் ரப்பர் குழாய்களும் வேகும். இவை எல்லாம் ஒரு நல்ல பாஸுக்குத் தெரிந்தவை.

பலருக்கும் தெரியாதது உயரத்தின் கணக்கு. கந்தப்பளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத வாகனம் மலையேறும்போது மூச்சு வாங்குவது அதனால்தான், பாரம் ஏற்றிய லொறிகளைக் கேட்டால் தெரியும். டர்போ கார் இந்தக் குறையைத் தானே ஈடுசெய்கிறது. ஆனால் சும்மா அல்ல. கடற்கரையில் காற்றை இரண்டு மடங்காக அழுத்தினால் கிடைக்கிற அதே அழுத்தத்தைக் கந்தப்பளையில் பெற இரண்டரை மடங்கு அழுத்தவேண்டும். சுழலி அதற்காக இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, இன்னும் சூடாகிறது. இந்த நிலையில் தடையில்லாத டவுன்பைப்பைப் பூட்டினால், சுழலிக்குப் பின்னால் இருந்த கொஞ்ச எதிரழுத்தமும் போய், சுற்றும் வேகம் மேலும் கூடும். உபரிப் புகையைத் திருப்பிவிடும் சிறிய வாசல் போதாமல் போனால், அழுத்தம் கணினி கேட்டதற்கும் மேலே ஊர்ந்து ஏறிவிடும். கொழும்பில் டைனோ மேடையில் ஏற்றி டியூன் செய்து, பேப்பரில் அழகான வளைகோட்டோடு வாங்கிவந்த மென்பொருள் இந்த உயரத்துக்கு எழுதப்பட்டதா என்று கேட்பவர்கள் குறைவு. ஏப்ரலில் இங்கே டர்போ செத்து இழுவை வண்டியில் இறங்கும் கார்களுக்கு இதுவும் ஒரு காரணம் என்று தம்பி சொன்னான். பௌதிகம் அவன் பக்கம் இருக்கிறது.

இனி, கன்வேட்டர். எஃகுக் கூட்டுக்குள் தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான நுண்துளைகள். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். சூடேறிய கன்வேட்டர் காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன், நைதரசன் ஒட்சைட்டுகள் ஆகிய மூன்றிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழித்துவிடும். 'சூடேறிய' என்பதே இங்கு முக்கியம். 250, 300 பாகை செல்சியஸ் வரும்வரை அது வேலை செய்யாது. அதனால்தான் கார் கம்பனிகள் அதைப் புகை மிகச் சூடாக வரும் இடத்தில், டர்போவின் வாசலிலேயே வைத்தன. ஜனவரியில் தேயிலைக் கொழுந்து பனியில் கருகும் ஊரில், காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு தேவை என்று சொல்லவேண்டியதில்லை. வெறும் டவுன்பைப் சரியாக அந்த இடத்தைத்தான் காலியாக்குகிறது.

நடுவழி ஒன்று இருக்கிறது. 'ஹை ஃப்ளோ' என்று விற்கப்படும் கன்வேட்டர் வைத்த டவுன்பைப். கம்பனிக் கன்வேட்டரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400, 600 துளைகள் என்றால் இதில் 200, 300. புகை இலேசாகப் போகும், சுத்திகரிப்பு கொஞ்சம் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. வெறும் குழாயோடு ஒப்பிட்டால் இழக்கும் வலு வீதியில் ஓட்டும்போது உணரக்கூடியதல்ல. விலைதான் கூட. மலிவான சிலவற்றில் பெயருக்குத்தான் உலோகப் பூச்சு இருக்கிறது, ஒரு வருடத்தில் செத்துவிடும். இலங்கையில் இவற்றைத் தரம் பார்த்து உள்ளே விடுகிற ஏற்பாடு எதுவும் வாங்குபவர் கண்ணில் படுவதில்லை. என் தெரிவைக் கேட்டால், வீதியில் ஓடும் காருக்குக் கம்பனிக் குழாய். ஆசை அடங்காதவர்களுக்கு, பெயர் தெரிந்த கம்பனியின் 300 துளைக் கன்வேட்டரோடு கூடியது. வெறும் குழாய் என்பது தெரிவுப் பட்டியலிலேயே இருக்கக்கூடாது.

கழற்றிய கன்வேட்டர் எங்கே போகிறது? அதற்கும் சந்தை இருக்கிறது. ரோடியத்தின் விலை 2021 மார்ச்சில் ஒரு அவுன்ஸுக்கு 29,000 அமெரிக்க டொலரைக் கடந்தது. பிறகு சரிந்தாலும், பழைய கன்வேட்டரை வாங்க ஆள் இருக்கிறது. புதுக் குழாயின் செலவில் ஒரு பகுதியைப் பழைய கன்வேட்டரே கட்டிவிடும். அதை ஒரு முறை விற்ற பிறகு காரைப் பழையபடி ஆக்குவதற்கு யார் திரும்பி வருவார்?

இதையெல்லாம் பிடிக்கவேண்டியது வருடாந்தப் புகைப் பரிசோதனை அல்லவா என்று கேட்கலாம். அந்தப் பரிசோதனை இலேசில் வந்ததல்ல. கொழும்பின் காற்று மாசுக்கு எதிராகச் சட்டத்தரணி லலனாத் டி சில்வா 1998இல் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2000ஆம் ஆண்டு வாகனப் புகைக்கான நியமங்கள் வர்த்தமானியில் வெளியாயின. பரிசோதனை தொடங்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது. இடையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோலும் ஒழிந்தது. ஈயம் கன்வேட்டரைக் கொன்றுவிடும் என்பதால், கன்வேட்டருள்ள கார்கள் இங்கே பயன்தரத் தொடங்கியதே அதன் பிறகுதான்.

ஆனால் பெற்றோல் காருக்கு நடக்கும் சோதனை மிக எளிமையானது. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாயின் வாலில் கருவியைச் செருகி, காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் எவ்வளவு என்று அளக்கிறார்கள். நைதரசன் ஒட்சைட்டுகள் எஞ்சினில் பாரம் ஏறும்போதுதான் பெருமளவு உண்டாகும். நின்ற இடத்தில் அவற்றைப் பிடிக்க வழியில்லை. வரம்புகளும் நம் நாட்டின் பழைய வாகனங்களையும் மனதில் வைத்தவை. நன்றாக டியூன் செய்த எஞ்சின், கன்வேட்டர் இல்லாமலும் தப்பிவிடக்கூடும். தப்பாது என்று பயப்படுபவர்கள் அன்றைக்கு மட்டும் கம்பனிக் குழாயைப் பூட்டிக்கொண்டு போவார்கள். இது உலகம் முழுக்க உள்ள தந்திரம். 2015இல் வொக்ஸ்வேகன் இதையே மென்பொருளில் செய்து மாட்டிக்கொண்டது.

எச்சரிக்கை விளக்கு எரியாதா? எரியும். கன்வேட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஒக்சிஜன் சென்சர், சுத்திகரிப்பு நடக்கவில்லை என்று கண்டுபிடித்து 'பி0420' என்ற குறியீட்டைப் பதிந்து விளக்கை ஏற்றும். சென்சருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சிறு ஸ்பேசரை வைத்து அதை ஏமாற்றுகிறார்கள், அல்லது மென்பொருளில் அந்தக் கேள்வியையே அழித்துவிடுகிறார்கள். கடைகளில் ஸ்பேசர் பகிரங்கமாக விற்கப்படுகிறது. ஒரு பொருளின் ஒரே பாவனை ஏமாற்றுவது என்றால் அதை விற்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கவேண்டும் என்பது கேட்கப்படவேண்டிய கேள்வி.

இந்தியாவில் 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைமுறையில் அங்கேயும் புல்லட் சைலன்சர்களை ரோட் ரோலரில் நசுக்கும் படங்கள்தான் செய்தியாகின்றன. அமெரிக்கா எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அதன் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டில், முந்தைய பத்தாண்டுகளில் 5 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வாகனங்களில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டதாகச் சொன்னது. கார் சொந்தக்காரரைத் துரத்தாமல் கருவிகளைச் செய்பவர்களையும் விற்பவர்களையும் வழக்கில் இழுத்துப் பெரும் அபராதங்கள் வாங்கினார்கள். எங்கள் சோதனைச் சாவடியில் நிற்கும் பொலிஸ்காரரிடம் இருப்பதோ இரண்டு காதுகள் மட்டுமே. அந்தக் காதுகளுக்கு ஓட்டோவின் ஓட்டைச் சைலன்சர் நன்றாகக் கேட்கும். மலிவான எஞ்சின், துருப்பிடித்த குழாய், மாற்றப் பணமில்லாத சாரதி. தோட்டத்தில் பிரசவ வலி வந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது பல நேரம் அதே ஓட்டோதான். கன்வேட்டர் கழற்றிய சிவிக் கம்பனி சைலன்சரோடு அமைதியாக அதே சாவடியைக் கடந்துபோகும். தேநீர்க்கடைப் பேச்சில் இருந்த உண்மை இவ்வளவுதான். பொலிஸார் ஆளைப் பார்த்து விடுகிறார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் சட்டம் தேடுகிற குற்றம், பணமில்லாதவரிடம் அதிகம் காணப்படும் குற்றமாக இருக்கிறது.

கழிவைச் சுவாசிப்பவர்களிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நிற்பவர் கராஜ்காரர். கந்தப்பளையிலும் நுவரெலியாவிலும் மழைக்காலத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை செய்வது வழக்கம். புதுக் குழாய் பூட்டியதும் கசிவு பார்க்க எஞ்சினை ஓடவிடுவார்கள். காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஒக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். "பின்னேரம் ஆனா தலை இடிக்கும் அக்கா. பெற்றோல் வாசத்துலன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றான் தம்பி. கதவைத் திறந்துவைத்து வேலை செய் என்று சொல்வது எளிது. எட்டுப் பாகைக் குளிரில் ஈரச் சட்டையோடு நிற்பவனிடம் சொல்லிப் பார்க்கவேண்டும். காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்று சுவரில் மாட்டுவதற்கு ஒரு டவுன்பைப்பின் விலையில் சிறு துண்டுகூடத் தேவையில்லை. நான் போன மூன்று கராஜ்களில் ஒன்றிலும் அது இருக்கவில்லை.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் நினைத்தால் தொடங்கக்கூடிய இடங்கள் உண்டு. புகைப் பரிசோதனை நிலையத்தில் காரின் அடியில் ஒரு கமராவை நுழைத்து கன்வேட்டர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஸ்டியரிங்குக்கு அடியிலுள்ள ஓபீடி துளையில் ஸ்கேனரைச் செருகினால் சென்சர் என்ன சொல்கிறது என்று தெரியும். அழித்த மென்பொருள் அதையும் ஏமாற்றலாம் என்றாலும், கமராவை ஏமாற்ற முடியாது. இறக்குமதியில், கன்வேட்டர் இல்லாத டவுன்பைப்களின் பெட்டியிலேயே 'போட்டிப் பாவனைக்கு மட்டும்' என்று உற்பத்தியாளர்கள் அச்சிட்டுத்தான் அனுப்புகிறார்கள். அந்த ஒரு வரியை அப்படியே நிபந்தனையாக்கலாம். மகாகஸ்தோட்டவில் ஓடப் பதிவுசெய்தவர் வாங்கட்டும், இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரட்டும். இராகலை வீதி போட்டித் தடம் அல்ல.

தம்பியின் கராஜில் இப்போது ஒரு சிறு மாற்றம் நடந்திருக்கிறது. கன்வேட்டர் இல்லாத குழாயைப் பூட்டுவதில்லை என்று அவனும் அவனுடைய பாஸும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். பூட்டிய குழாயில் கன்வேட்டர் இருக்கிறது என்று பில்லிலும் எழுதிக் கொடுக்கிறார்கள். போன மாதம் மட்டும் மூன்று பேர் திரும்பிப் போனார்களாம். அவர்களில் ஒருவர் மறு வாரமே வந்திருக்கிறார், வேறொரு ஊரில் வெறும் குழாய் பூட்டிக்கொண்டு, அதில் கசிவு இருக்கிறது, பார்த்துத் தர முடியுமா என்று கேட்டபடி.